கண்ணதாசன் நூற்றாண்டுக்கு நாலு நாள் பல கலை விழா: படத்துக்கு மாலை போடுவதோடு முடிந்துவிடாமல் எப்படி நடத்துவது?

1 | வளவுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். 2027 ஜூன் 24, வியாழக்கிழமை, கண்ணதாசனுக்கு நூறு வயது நிறைகிறது. காரைக்குடிப் பக்கம் நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து ஒரு கலைக்குழு நடத்துகிறோம். அதில் ஐந்து பேர் நடிக்கிறவர்கள், மிச்ச ஆறு பேர் நாற்காலி போடுகிறவர்கள். அந்த வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நாலு நாள் விழா எடுக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். பாட்டுக் கச்சேரி மட்டும் இல்லை. நாடகம், நாட்டியம், ஓவியம், படம் எல்லாம் ஒரே கூரைக்கு அடியில். சொந்தக்காரர் ஒருவரின் பழைய வீடு பூட்டிக் கிடக்கிறது. முகப்பு, வளவு என்கிற திறந்த முற்றம், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீளமாகப் போகும். கட்டுக்கு ஒரு கலை, வருகிறவர்கள் நடந்துகொண்டே பார்க்கட்டும் என்பது யோசனை. சாவி தருவதாகச் சொல்லியிருக்கிறார், இன்னும் தரவில்லை.

பயம் என்னவென்றால், போன வருஷம் ஒரு கல்லூரியில் வேறொரு கவிஞருக்கு விழா நடந்தது, போயிருந்தேன். காலையில் குத்துவிளக்கு, படத்துக்கு மாலை, பதினேழு பொன்னாடை (எண்ணினேன், வேறு வேலை இல்லை), வரவேற்புரை, வாழ்த்துரை, மறுபடியும் வாழ்த்துரை, மத்தியானம் பட்டிமன்றம், சாயங்காலம் கரோக்கி. நாள் முழுக்க அந்த மனிதர் எழுதிய ஒரு கவிதையைக்கூட யாரும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்கவில்லை. நாங்களும் அதே பள்ளத்தில்தான் விழுவோம் என்று தோன்றுகிறது, ஏனென்றால் விழா என்றால் எங்களுக்கும் அது ஒன்றுதான் தெரியும்.

கையில் இரண்டரை லட்சம் தேறும். என்ன செய்யலாம், முக்கியமாக என்ன செய்யக்கூடாது, சொல்லுங்கள்.

2 | குறுக்குக்கேள்வி

முதலில் கணக்கு. நம் ஊரில் 99 முடிந்த அன்றே நூற்றாண்டு தொடங்கிவிடும். கலைஞருக்கு 2023 ஜூன் 3-லேயே தொடங்கினார்களே. அப்படிப் பார்த்தால் 2026 ஜூன் 24 தொடக்கம், 2027 நிறைவு. நீங்கள் நிறைவு நாளைப் பிடித்திருக்கிறீர்கள், அதற்குள் ஊரெல்லாம் கொண்டாடி ஓய்ந்திருக்கும்.

இரண்டாவது, இத்தனை கலைகள் எதற்கு? கவிதைக்குப் பக்கத்தில் நாட்டியத்தை வைத்தால் ஜனங்கள் நாட்டியத்தைத்தான் பார்ப்பார்கள். ஓவியத்தை வைத்தால் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பார்கள். கவிதை ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கவிஞருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்றால் நாலு நாள் உட்கார்ந்து அவர் புத்தகங்களைச் சத்தமாக வாசியுங்கள். இரண்டரை லட்சமும் மிச்சம்.

3 | தாளக்கட்டு

குறுக்குக்கேள்வி சொல்வது வேறு கவிஞர்களுக்குப் பொருந்தலாம், கண்ணதாசனுக்குப் பொருந்தாது. நான் மெல்லிசை மேடையில் முப்பது வருஷமாகத் தபேலா வாசிக்கிறவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். அந்த மனிதர் தனியாக மேஜை முன்னால் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவர் இல்லை. இயக்குநர் காட்சியைச் சொல்வார், இசையமைப்பாளர் ஹார்மோனியத்தில் மெட்டைப் போடுவார், கவிஞர் வாயால் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதுவார். பஞ்சு அருணாசலம் அப்படி எழுதிக்கொண்டு இருந்தவர்தான், கவிஞருக்கு அண்ணன் மகன். ஆக ஒரு பாட்டு பிறக்கும்போதே அந்த அறைக்குள் நாடகம் இருக்கிறது, இசை இருக்கிறது, யார் நடிக்கப் போகிறார் என்பதால் ஒரு முகமும் இருக்கிறது. மற்ற கலைகளை நாம் வெளியிலிருந்து கொண்டுபோய் அவருக்கு ஒட்டவில்லை. அவர் அதற்குள்தான் வேலை பார்த்தார். விழாவும் அந்த அறையைக் காட்டினால் போதும்.

இன்னொன்று, இதைக் கேட்கிறவர்கள் கவனிப்பதில்லை. மெட்டுக்கு எழுதுவது என்றால் தத்தகாரத்துக்குச் சொல் போட்டு நிரப்புவது என்று நினைக்கிறார்கள். தான தந்தன என்று வந்தால் அதே அளவுக்கு எழுத்தை எண்ணி வைத்தால் யாப்பு சரியாகிவிடும், பாட்டு சரியாகாது. சுரம் நீளுகிற இடத்தில் குறில் வந்து உட்கார்ந்தால் பாடுகிறவர் எதை நீட்டுவார்? அங்கே நெடில் வர வேண்டும், அதுவும் வாய் திறக்கிற ஆகாரமோ ஓகாரமோ வந்தால் குரல் தானாகவே நிற்கும். தாளம் விழுகிற இடத்தில் வல்லினம் வந்தால் தபேலாக்காரனுக்குப் பாதி வேலை மிச்சம். கண்ணதாசன் வரிகளில் இது அனேகமாகப் பிசகாது. அமராவதிபுதூர் குருகுலத்தோடு, எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்தவருக்கு இந்தக் காது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

என் யோசனை: வளவில் ஒரு ஹார்மோனியம், ஒரு தபேலா. மூன்று இளம் கவிஞர்கள். இதுவரை யாரும் கேட்காத ஒரு மெட்டும் ஒரு காட்சியும் கொடுங்கள். ஒரு மணி நேரம். ஜனங்கள் முன்னால் அவர்கள் எழுதட்டும், அடிக்கட்டும், திருத்தட்டும், பாடகர் பாடிக் காட்டி இது வாயில் நிற்கவில்லை என்று சொல்லட்டும். நூறு வாழ்த்துரையில் புரியாதது அந்த ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும்.

4 | குறுக்குக்கேள்வி

அது டிவி போட்டி மாதிரி இருக்கிறது. நடுவர்களையும் மதிப்பெண் பலகையையும் விட்டுவிட்டீர்களே.

5 | தாளக்கட்டு

நடுவரும் கிடையாது, பரிசும் கிடையாது. மூன்று பேரும் தோற்றாலும் சரி, அதைப் பார்ப்பதுதான் வேலை.

6 | பழைய ரேடியோ

தம்பிமார்களுக்கு வணக்கம். எனக்கு எழுபத்து நாலு வயது. சிலோன் ரேடியோ கேட்டு வளர்ந்தவன். பாட்டு போடுமுன் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று வரிசையாகச் சொல்வார்கள், அந்த வரிசையில்தான் கவிஞர் பேர் எனக்கு முதலில் மனப்பாடம் ஆனது. புத்தகம் வாங்கி அவரைப் படித்தது வேலைக்குப் போன பிறகு.

விழாவுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். நாலு தாளோ எட்டுத் தாளோ இருக்கும், மட்டமான காகிதம், அட்டையில் கதாநாயகன் நாயகி, உள்ளே நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், அந்தச் சுருக்கம் சரியாக முக்கியமான இடத்தில் நின்று "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும். பிறகு பாட்டுகள். தமிழ்நாட்டில் பல வீடுகளில் கவிதை என்று நுழைந்த முதல் அச்சுக் காகிதம் அதுதான். பள்ளிக்கூடப் பாடத்தைத் தவிர என் அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தது பாட்டுப் புத்தகம் மட்டும்தான். அதை ஒரு சுவரில் வரிசையாக மாட்டிவையுங்கள். 1949-இல் கன்னியின் காதலிக்கு முதல் பாட்டு எழுதியதிலிருந்து தொடங்கி 1981 வரை. ஓவியக் கண்காட்சி எல்லாம் அப்புறம்.

7 | தூரிகை

ஐயா, அப்புறம் என்று தள்ளிவிடாதீர்கள், நான் ஓவியன்தான் :) ஆனால் உங்கள் யோசனைக்குக் கை தூக்குகிறேன். எங்கள் அப்பா சினிமா பேனர் வரைந்தவர். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழிலே படுத்துவிட்டது, சாரத்தில் ஏறி நின்று ஆளுயர மூக்கு வரைந்தவர்கள் கடை போர்டு எழுதப் போனார்கள்.

வளவுக்காரன் அண்ணா, ஓவியப் பகுதிக்கு ஒரே ஒரு விதி வையுங்கள்: கவிஞர் முகம் வரையக்கூடாது. வைக்காவிட்டால் வருகிற நாற்பது படத்தில் முப்பத்தெட்டு அந்த ஜிப்பாவும் கன்னத்தில் கையும்தான். முகத்தைத் தடுத்தால் அப்புறம் அவன் என்ன வரைவான்? எழுத்தைத்தான் வரைந்தாக வேண்டும். பாட்டுப் புத்தகத்திலும் படத் தலைப்பிலும் கையால் போட்ட எழுத்துகளைப் பாருங்கள், ஒவ்வொரு ழகரமும் ஒவ்வொரு மாதிரி வளையும். இன்றைக்கு எல்லாம் ஒரே ஃபாண்ட். மூன்றாம் கட்டில் நீளச் சுவர் இருந்தால் பேனர் வரைந்த பெரியவர்கள் நாலைந்து பேரைக் கூப்பிட்டு ஒரு கவிதையை, முழுக் கவிதையை, பேனர் எழுத்தில் எழுதச் சொல்லலாம். நாலு நாளும் எழுதிக்கொண்டே இருக்கட்டும். கடைசி நாள் சாயங்காலம் கடைசி வரி முடியட்டும். முதல் நாள் பாதி படித்தவன் மிச்சத்தைப் படிக்க மறுபடி வருவான். அவர்களுக்குக் கூலி சரியாகக் கொடுங்கள், பொன்னாடை வேண்டாம்.

8 | வளவுக்காரன்

தூரிகை, சுவர் இருக்கிறது, ஆனால் அந்த வீட்டுச் சுவர் முட்டைப் பூச்சு. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்துப் பூசியது, இன்றைக்கும் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அதில் தூரிகை பட்டால் அந்த வீட்டு ஆச்சி என்னை உயிரோடு விட மாட்டார்கள். கித்தானைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி முன்னால் நிறுத்திக்கொள்ளலாம்.

"மீதியை வெள்ளித்திரையில் காண்க" மாதிரியே கவிதையையும் பாதியில் நிறுத்துகிறீர்கள், சரிதான்.

9 | சட்டப்புள்ளி

உற்சாகத்துக்கு நடுவே தண்ணீர் தெளிக்க வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உரிமை விஷயம் யாராவது யோசித்தீர்களா?

பாரதி என்றால் கவலையே இல்லை. 1949-இல் அவர் எழுத்துகளின் உரிமையைச் சென்னை அரசாங்கம் வாங்கியது, பிறகு எல்லோருக்கும் பொதுவாயிற்று. யாரும் பாடலாம், ஆடலாம், கிழிக்கலாம். கண்ணதாசன் படைப்புகள் நாட்டுடைமை ஆகவில்லை. அவர் சிகாகோவில் இறந்தது 1981 அக்டோபர் 17. நம் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம் எண்ண வேண்டும், அதாவது 2041 டிசம்பர் 31 வரை உரிமை வாரிசுகளிடம். அவருடைய காவியத்தை நாடகமாகவோ நாட்டியமாகவோ ஆக்க வேண்டும் என்றால் அவர்களிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், இப்போதே. கடைசி வாரத்தில் கேட்டால்தான் சிக்கல்.

சினிமாப் பாட்டு இன்னும் பின்னல். ஒரு பழைய இசைத்தட்டில் மூன்று அடுக்கு இருக்கிறது: வரி, மெட்டு, ஒலிப்பதிவு. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். நீங்கள் விழா நடத்தும் 2027 ஜூனில் 1966 முடிய வெளியான ஒலிப்பதிவுகளின் காலம் முடிந்திருக்கும். இசையமைப்பாளர்கள் விசுவநாதன்-ராமமூர்த்தி இரட்டையராக இருந்த காலம் 1965-இல் முடிகிறது, ஆக அந்த இசைத்தட்டுகள் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே இருக்கும் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை உயிரோடுதான் இருக்கிறது. எம்.எஸ்.வி. (அந்த விசுவநாதன்தான்) இறந்தது 2015, எண்ணிக்கொள்ளுங்கள்.

வழி ஒன்று இருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தில் பிரிவு 52: தொழில்முறை இல்லாத மன்றமோ குழுவோ, கட்டணம் வாங்காமல், பார்வையாளர் முன் நடத்தினால் அது மீறல் ஆகாது. அதனால் டிக்கெட் போடாதீர்கள். ஆனால் கூலி வாங்கும் இசைக்குழுவை மேடை ஏற்றிவிட்டு நாங்கள் அமெச்சூர் என்று வாதாடுவது கஷ்டம், அதற்குப் பாட்டெழுதியவர்கள், இசையமைத்தவர்கள் சார்பில் உரிமம் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்திடம் உரிமம் வாங்கிவிடுவது நிம்மதி. அப்புறம், மேடையில் பாடுவதற்கு இருக்கும் இந்த விலக்கு அதைப் படம் பிடித்து யூடியூபில் ஏற்றுவதற்குக் கிடையாது. ஏற்றிய அன்றைக்கே வீடியோவுக்கு உரிமைக்கோரிக்கை வந்து நிற்கும். பக்கத்தில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் நிகழ்ச்சி நிரலை ஒரு தடவை காட்டிக்கொள்ளுங்கள்.

10 | தாளக்கட்டு

இதனால்தான் சொன்னேன், யாரும் கேட்காத புது மெட்டு. அதில் எந்தத் தலைவலியும் இல்லை ;)

11 | சலங்கை

நான் நாட்டியம் கற்றுத்தருகிறவள். இத்தனை பேர் பேசிவிட்டீர்கள், ஆனால் எல்லோரும் சினிமாப் பாட்டிலேயே நிற்கிறீர்கள். கவிஞர் ஆட்டனத்தி ஆதிமந்தி என்று ஒரு காவியம் எழுதியிருக்கிறார், உங்கள் பல கலை விழாவுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது. ஏன் என்று கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டனத்தி சேர நாட்டான், ஆடுகிறவன். காவிரியில் கழார்த் துறையில் புதுப்புனல் விழா, அதாவது ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது எடுக்கும் விழா, அதில் ஆடும்போது ஆறு அவனை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆதிமந்தி கரை நெடுக அவனைத் தேடிப் போகிறாள். குறுந்தொகையில் 31-ஆம் பாட்டு ஆதிமந்தியாருடையது. விழாக்கள், துணங்கைக் கூத்து எல்லா இடத்திலும் தேடினேன், காணவில்லை என்று சொல்லிவிட்டு "யானுமோர் ஆடுகள மகளே" என்கிறாள். நானும் ஆடுகளத்தில் ஆடுகிறவள்தான் என்கிறாள். முதன்முதலில் இந்த வரியைப் படித்தபோது என் மாணவிகளை ஐந்து நிமிஷம் சும்மா உட்காரச் சொல்லிவிட்டேன், எனக்குப் பேச வரவில்லை.

பிறகு சங்கப் புலவர் பரணர் அகநானூற்றில் இதைப் பாடுகிறார். சிலப்பதிகாரத்தில் வஞ்சின மாலை என்ற பகுதியில் கண்ணகி வாயால் வருகிறது, அங்கே ஆதிமந்தி கரிகாலன் மகள். அப்புறம் பாரதிதாசன் இதையே சேரதாண்டவம் என்று நாடகமாக்கினார். கண்ணதாசன் காவியமாக்கினார், அது 1960-இல் மன்னாதி மன்னன் என்று எம்.ஜி.ஆர். நடித்த படமாகவும் போயிற்று. அகப்பாட்டு, காப்பியம், நாடகம், காவியம், சினிமா. ஒரே கதை இரண்டாயிரம் வருஷமாகக் கலை மாறி மாறி நடந்து வந்திருக்கிறது. நாலு நாள், நாலு கட்டு என்று வைத்திருக்கிறீர்கள். கட்டுக்கு ஒன்றோ இரண்டோ வடிவம் என்று வைத்தால் வருகிறவர்கள் வீட்டுக்குள் நடக்க நடக்கக் கதையும் கூடவே வரும்.

இதில் எனக்கு ஒரு சுயநலமும் உண்டு. அகநானூறு 222-இல் மருதி என்று ஒருத்தி வருகிறாள். ஆட்டனத்தியை ஆதிமந்திக்குக் காட்டிவிட்டுக் கடலுக்குள் போய்விடுகிறாள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. சிலப்பதிகாரத்தில் அவளே கிடையாது, கடல்தான் அவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. எப்படி ஒரு பெண் இருந்த இடத்தில் கடல் மட்டும் மிஞ்சியது? நான் மருதியைத்தான் ஆட வேண்டும். ஆதிமந்தியை யாராவது ஆடிக்கொள்ளட்டும்.

12 | குறுக்குக்கேள்வி

சலங்கை அக்கா, இதற்கு மட்டும் என்னிடம் குறுக்குக் கேள்வி இல்லை. மருதி பற்றி எனக்குத் தெரியாது. இப்போதுதான் 222-ஐ எடுத்துப் படித்தேன்.

13 | சட்டப்புள்ளி

சங்கப் பாட்டுக்கும் சிலம்புக்கும் அனுமதி வேண்டாம் :) கவிஞர் காவியத்துக்கும் படத் துண்டில் இருக்கும் வரிக்கும் மெட்டுக்கும் வேண்டும். பாரதிதாசன் நூல்கள் நாட்டுடைமை, பயமில்லை.

14 | நாடகப்பித்தன்

தோழர்களே, எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மனிதரின் வாழ்க்கை எங்கே? சுவீகாரம் போனவர், முத்தையா நாராயணன் ஆகிப் பிறகு கண்ணதாசன் ஆனவர். தி.மு.க.வில் இருந்தார், போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார் (மாங்கனி என்ற காவியம் அங்கே எழுதியதுதான்), 1961-இல் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஈ.வெ.கி. சம்பத்தோடு வெளியே வந்தார், காங்கிரசுக்குப் போனார். நாத்திகம் பேசியவர் அர்த்தமுள்ள இந்துமதம் பத்துப் பாகம் எழுதினார், கடைசியில் இயேசு காவியமும் எழுதினார். படம் எடுத்துக் கடனில் மூழ்கினார். குடியையும் கூடத் தானே எழுதிவைத்துவிட்டார், அவருடைய தன்வரலாறான வனவாசம் படித்தவர்களுக்குத் தெரியும், எதிரி எழுதியிருந்தால்கூட இவ்வளவு எழுதியிருக்க மாட்டான். விழா என்று வந்தால் இதெல்லாம் ஒரு வரியில் "பன்முக ஆளுமை" என்று மூடிவிடுவார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே கோபம் வருகிறது.

இரண்டாம் கட்டில் இரண்டு நாற்காலி. ஒன்றில் நாத்திகம் பேசிய கண்ணதாசன், ஒன்றில் பத்துப் பாகம் எழுதிய கண்ணதாசன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளட்டும், அவர் எழுதிய உரைநடையிலிருந்து மட்டும். நாம் ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது. தீர்ப்பும் கூடாது.

15 | வளவுக்காரன்

அண்ணே, இது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஊரில் அடி வாங்குவோமோ என்றும் இருக்கிறது. இங்கே அவரை ஆளுக்கொரு பக்கம் சொந்தம் கொண்டாடுகிறார்கள். ஒரு கட்சிக்காரர் முதல் நாற்காலியை எடு என்பார், இன்னொருவர் இரண்டாவது நாற்காலியை எடு என்பார்.

16 | நாடகப்பித்தன்

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டால் நாடகம் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அனுமதிக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் எழுதாதது ஒரு சொல்கூட இல்லை என்று காட்டலாம்.

17 | கடல்கடந்தவன்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே தமிழ் எழுத்தாளர் கழகம் வருஷா வருஷம் கண்ணதாசன் விழா நடத்துகிறது, பல தடவை போயிருக்கிறேன். கூட்டம் வருவது பாட்டுக்குத்தான், அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் பாட்டுக்கு வந்தவர்களை வேறொன்றைக் கேட்க வைப்பது எந்த வரிசையில் வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. பாட்டைக் கடைசியில் வைத்தால் அதுவரை வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். முதலில் வைத்தால் முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். நடுவில் வையுங்கள், இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு கவிதை, அறிவிப்பு இல்லாமல், தலைப்பு சொல்லாமல். பாட்டு என்று நினைத்துக் கேட்டுவிடுவார்கள்.

இன்னொரு சங்கதி, எம்.எஸ்.வி. பிறந்ததும் ஜூன் 24-தான், 1928. கவிஞரைவிடச் சரியாக ஒரு வயது இளையவர். 2028-இல் அவருக்கு நூறு, அன்றைக்குச் சனிக்கிழமை. 2027-இல் வரியில் தொடங்கி 2028-இல் மெட்டில் முடிக்கிற மாதிரி இரண்டு வருஷ விழாவாக யோசிக்கலாம்.

18 | தாளக்கட்டு

அடேங்கப்பா, இரண்டு பேருக்கும் ஒரே நாள் என்பதை மறந்தே போனேன். அப்படியானால் முதல் வருஷம் மூன்று கவிஞர்கள் எழுதுவதை அடுத்த வருஷம் மூன்று இசையமைப்பாளர்களுக்குக் கொடுங்கள். முதல் வருஷம் மெட்டுக்கு வரி, இரண்டாம் வருஷம் வரிக்கு மெட்டு. பழைய மெட்டைக் கேட்காதவர்களாகப் பார்த்துப் பிடியுங்கள்.

19 | வளவுக்காரன்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நிலவரம் இது. சாவி கிடைத்துவிட்டது. ஆச்சி போட்ட நிபந்தனை மூன்று: செருப்பு முகப்போடு நிற்க வேண்டும், சுவரில் ஆணி கூடாது, மைக் கூடாது. மூன்றாவதைக் கேட்டுத் தலையில் கை வைத்துவிட்டோம். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் போய் வளவில் நின்று பேசிப் பார்த்தோம். திறந்த முற்றம், சுற்றி மரத்தூண்கள், நூற்று இருபது பேர் உட்காரலாம், பேச்சுக் குரல் கடைசித் தூண் வரைக்கும் கேட்கிறது. தபேலா கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டியிருக்கும், தாளக்கட்டு ஐயா மன்னிக்கவும். ஆச்சிக்குத் தெரிந்துதான் சொன்னார்களா என்று தெரியவில்லை.

நிரல் இப்போதைக்கு: வளவில் மெட்டுக்கு வரி, மூன்றாம் கட்டில் பேனர் எழுத்து, இரண்டாம் கட்டில் இரண்டு நாற்காலி, பின்னால் தோட்டத்தில் இருட்டிய பிறகு சலங்கை அக்காவின் மருதி. படம் போடுவதைக் கைவிட்டோம், புரொஜெக்டர் வாடகையும் அனுமதியும் சேர்ந்து எங்கள் தலைக்கு மேல் போகிறது. காவியத்துக்கும் உரைநடைக்கும் அனுமதி கேட்டுக் கடிதம் போட்டாயிற்று. பொன்னாடை கிடையாது என்று அழைப்பிதழிலேயே அச்சடிக்கலாமா என்று ஒரு சண்டை ஓடுகிறது. எனக்கு அச்சடிக்க வேண்டும்.

முகப்பு மட்டும் காலி. நுழைந்ததும் முதலில் கண்ணில் படுகிற இடம். பழைய ரேடியோ ஐயா சொன்ன பாட்டுப் புத்தகங்கள் அங்கேதான் வர வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே எண்ணம், ஆனால் தேடியதில் ஐந்துதான் கிடைத்தது, அதிலும் ஒன்றுக்கு அட்டை இல்லை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.

20 | பழைய ரேடியோ

தம்பி, என்னிடம் நாற்பத்து மூன்று இருக்கிறது. எல்லாவற்றிலும் கவிஞர் பாட்டு ஒன்றாவது உண்டு. சிலதில் அம்மா சமையலறையில் வைத்துப் படித்த எண்ணெய்க் கறை இருக்கிறது, அதைத் துடைக்கக் கூடாது. தபாலில் அனுப்ப மாட்டேன். மழை பிடிக்குமுன் யாராவது நேரில் வந்து எண்ணி வாங்கிக்கொண்டு போங்கள், வரும்போது கண்ணாடிப் பெட்டியின் அளவையும் சொல்லுங்கள். எட்டை மட்டும் விரித்து வைக்க வேண்டும், எந்தப் பக்கம் என்று நானே எழுதித் தருகிறேன்.